மிதிக்காமல் போன கால்

போன வருஷம் கார்த்திகை தீபம் முடிஞ்சு, வந்த கூட்டமெல்லாம் கலைஞ்சு, திருவண்ணாமலையில எங்க தெருவுல நாங்களே நிம்மதியா நடக்க ஆரம்பிச்சிருந்த சமயம். கீழ்பென்னாத்தூர்ல சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்புக்குப் போயிட்டு பஸ்ல திரும்பி வந்துட்டிருந்தேன். உட்கார இடம் கிடைச்சதே பெரிசுனு கடைசி சீட்டுல உட்கார்ந்துட்டேன். மடியில அவங்க கொடுத்தனுப்பின மல்லாட்டைப் பை. அதாங்க, வேர்க்கடலை. எங்க பக்கம் மல்லாட்டைனுதான் சொல்லுவோம்.

வழியில ஒரு வேகத்தடை. டிரைவர் அதைப் பார்க்கலையா, பார்த்தும் மதிக்கலையானு தெரியாது. பஸ் குதிச்சுது. நானும் குதிச்சேன். சீட்டை விட்டு மேல போய், தொம்முனு திரும்ப வந்து விழுந்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேல, நட்ட நடு முதுகுல சுரீர்னு ஒரு வலி. உயிரே போய்த் திரும்பி வந்துச்சு. பஸ்ல எல்லாரும் டிரைவரைத் திட்டினாங்க. நானும் என் பங்குக்குத் திட்டினேன். திட்டுறதுல நான் யாருக்கும் குறைஞ்சவ இல்ல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நடந்த விஷயத்துல என் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கு.

பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போது நிமிர முடியல. கம்பியைப் பிடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். முதுகு பிடிச்சிக்கிச்சுனுதான் நினைச்சேன். வேற என்ன நினைக்கத் தோணும்? நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவ. நாள் முழுக்க குனிஞ்சே உட்கார்ந்திருக்கிற உடம்பு. பிடிப்பு, குடைச்சல் எல்லாம் எனக்குப் பழக்கமான விருந்தாளிங்க. ஒரு நாள் தைலம் தேய்ச்சுப் படுத்தா மறுநாள் சொல்லாம கொள்ளாம போயிடும்.

மறுநாள் காலையில பாயை விட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். ஐயோ! கத்தின கத்துல மருமக ஓடி வந்தா. எனக்கு ஒரே பையன், அவனுக்குக் கல்யாணமாகி அப்போ நாலஞ்சு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவனுக்குச் சென்னையில வேலை, லீவு கிடைச்சாத்தான் வருவான். மருமகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர்ல வேலை. பாவம், காதுல மாட்டியிருந்த ஹெட்போனோட வந்து நின்னா. என்னைத் தூக்கி உட்கார வைக்கறதுக்குள்ள அவளுக்கே வேர்த்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, “இது தைலத்துக்கெல்லாம் அடங்காது. தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டுடறேன், வந்து ஒரு மிதி மிதிச்சா சரியாப் போயிடும்”னார்.

இங்கே கொஞ்சம் விளக்கணும். எங்க வீட்டுக்காரரோட தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, பின் தெருவுல இருக்கா. அவ பொறக்கும்போது தலை முன்னாடி வராம கால் முன்னாடி வந்து பொறந்தவ. அப்படிப் பொறந்தவங்க காலால மிதிச்சா முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பெல்லாம் விட்டுடும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. கவுந்து படுக்கச் சொல்லி, குதிகாலை வலிக்கிற இடத்துல வெச்சு, உடம்பு பாரத்தை மொத்தமா இறக்கி ஒரு அழுத்து அழுத்துவா. நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில இருந்து ஒருத்தரை ஆட்டோவுல தூக்கிட்டு வந்து மிதிக்க வெச்சுக்கிட்டுப் போனதை நானே பார்த்திருக்கேன். திரும்பிப் போகும்போது அவர் நடந்துதான் போனார். பெரியவங்க மேல கால் படறது தப்பில்லையா, அதனால மிதிக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு அவங்க பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. எனக்கே ரெண்டு மூணு தடவை மிதிச்சிருக்கா, நல்லாவும் ஆகியிருக்கு.

ஆனா இப்போ அவளைக் கூப்பிடறதுல ஒரு சிக்கல். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.

காரணம் ஒரு போட்டோ. என் பையன் கல்யாணத்துல மேடையில குடும்பத்தோட நின்னு ஒரு போட்டோ எடுத்தோம். அந்த நேரத்துல இவ கீழே பந்தியில நின்னு, பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் பாயசம் போச்சா, அப்பளம் போச்சானு பார்த்துக்கிட்டிருந்தா. எனக்காகத்தான், என் பையன் கல்யாணத்துக்காகத்தான். போட்டோக்காரர் அவசரப்படுத்தினார், எல்லாரும் நின்னோம், எடுத்தாச்சு. அவளைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணல. அந்தப் போட்டோவைப் பெரிசா சட்டம் போட்டு எங்க கூடத்துல மாட்டினப்புறம்தான் அவ வந்து பார்த்தா. காபியைக்கூட குடிக்காம போயிட்டா. அவளை சமாதானப்படுத்தியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? “போட்டோவுக்கெல்லாம் வெத்தலை பாக்கு வெச்சா கூப்பிடுவாங்க?”னு நாலு பேர் காதுபட சொன்னேன். அது போக வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் கோயில்ல பார்த்தாகூட அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இருந்தாலும் வலினு கூப்பிட்டா போகாம இருக்கக் கூடாதுனு அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. வந்துட்டா. கூடத்துல பாய் விரிச்சு நான் கவுந்து படுத்திருக்கேன். என் மூஞ்சி தரையைப் பார்த்து இருக்கு, அவ மூஞ்சி எனக்குத் தெரியல. நல்லாயிருக்கீங்களானு ஒரு வார்த்தை இல்ல. புடவையைத் தூக்கிச் செருகினா. என் பாதத்தை அவ விரல் தொட்டுச்சு. அப்புறம் என் முதுகு மேல அவ குதிகால் வந்து மெதுவா உட்கார்ந்துச்சு. பாரம் இன்னும் இறங்கல.

சும்மா இருந்திருக்கலாம் இல்ல? என் வாய் சும்மா இருக்குமா?

“பார்த்து மிதிம்மா. போட்டோ கோவத்தையெல்லாம் என் முதுகுல காட்டிடாத”ன்னேன்.

சிரிப்பானுதான் சொன்னேன், சத்தியமா. அந்தச் சாக்குல பேச்சு ஆரம்பிச்சுடும்னு ஒரு நப்பாசை. ஆனா முதுகு மேல இருந்த கால் அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் காலை எடுத்துட்டா.

“நான் மிதிக்கல மாமா. வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கோங்க”னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா. செருப்பு மாட்டுற சத்தம், கேட் சாத்துற சத்தம், அவ்வளவுதான். போயே போயிட்டா.

எனக்கு வந்தது பாருங்க கோவம்! எழுந்து போய்க் கத்த முடியாத கோவம். “வலியில கிடக்கிறவளை விட்டுட்டுப் போறா பாருங்க. அவ கால் என்ன தங்கத்துல செஞ்சதா? இவ மிதிக்கலைன்னா நான் எழுந்திருக்க மாட்டேனா?”னு படுத்த இடத்திலேயே கத்தினேன். வீட்டுக்காரர், “நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் வலி போயிருக்கும்”னார். அவர்கிட்டயும் ஒரு நாள் பூரா பேசல.

நான் விட்ட சவாலை என் முதுகு கேட்கல. எழுந்திருக்க முடியவே இல்ல. தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கல்ல வாங்கின மாத்திரை எல்லாம் ஆச்சு. மல்லாந்து அசையாம கிடந்தா வலி கம்மி. உட்கார்ந்தா ஜாஸ்தி. நின்னா அதுக்கும் மேல. படுக்கையில ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் திரும்பறதுக்கு மனசை முதல்ல தயார் பண்ணிக்கணும். தும்மல் வந்துடப் போகுதேனு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். பாத்ரூம் போறதுக்கு மருமகளைக் கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போவேன். அவ முகம் சுளிச்சதே இல்ல, ஆனாலும் எனக்கு மனசு ஆறல. புதுசா வந்த பொண்ணு, ஊர் சுத்திக் காட்ட வேண்டிய மாமியாரைத் தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்தா.

தையல் மிஷினுக்கு மேல துணியைப் போட்டு மூடிட்டாங்க. பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்திருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து, “உடம்பைப் பார்த்துக்கோங்கக்கா”னு சொல்லி, துணியைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போனாங்க. படுத்தபடியே அதைப் பார்க்கும்போதுதான் முதல் தடவையா பயம் வந்துச்சு. இப்படியே கிடந்துடுவேனோனு.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு. எங்கம்மா கடைசி காலத்துல கூன் விழுந்து, அப்புறம் படுத்த படுக்கையாகிப் போனாங்க. அவங்களும் ஒரு நாள் தண்ணிக் குடத்தைத் தூக்கும்போது முதுகு பிடிச்சிக்கிச்சுனு சொல்லித்தான் படுத்தாங்க. வயசானா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னோம். எங்க ஊர்ல எந்தத் தெருவுல நின்னு தலையைத் தூக்கினாலும் மலை தெரியும். எங்கம்மாவுக்குத் தலையைத் தூக்கத்தான் முடியல. தீபத்தன்னைக்கு மத்தவங்கல்லாம் அண்ணாமலையாருக்கு அரோகரானு மேல பார்த்துக் கும்பிடும்போது, அவங்க தரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க. படுக்கையில கிடந்த நாளெல்லாம் அந்தக் காட்சிதான் எனக்குக் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு.

மாசம் ஒண்ணு ஆகப் போகுது, குறையவே இல்ல. மருமகதான் பொறுக்க முடியாம, “அத்தை, இது பிடிப்பு மாதிரி தெரியல. எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்”னு ஒத்தைக் கால்ல நின்னா. எங்க ஊர்லேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு முதுகெலும்பு டாக்டர் ஒருத்தர் வாரா வாரம் சென்னையிலிருந்து வரார்னு விசாரிச்சு வெச்சிருந்தா. அங்க கூட்டிட்டுப் போனாங்க. ஆட்டோவுல போன அந்தக் கொஞ்ச தூரத்துல எத்தனை பள்ளம் இருக்குனு என்னைக் கேளுங்க, சொல்றேன்.

டாக்டருக்கு என் பையனை விடக் கொஞ்சம்தான் வயசு ஜாஸ்தி இருக்கும். எக்ஸ்ரே பார்த்தார், அப்புறம் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வெச்சுக் காட்டினார். முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின பெட்டி மாதிரி வரிசையா தெரிஞ்சுது. அதுல ஒண்ணு மட்டும், மேல எதையோ ஏத்தி வெச்ச அட்டைப்பெட்டி மாதிரி, முன்பக்கம் நசுங்கிப் போயிருந்துச்சு.

“இது பிடிப்பு இல்லம்மா. எலும்பு உடைஞ்சு நசுங்கியிருக்கு”னார்.

எலும்பு உடையணும்னா மாடியில இருந்து விழணும், வண்டி மோதணும்னு நினைச்சிக்கிட்டிருந்தவ நான். பஸ்ல ஒரு குதி குதிச்சதுக்கா உடையும்? உடையும்னார். மாதவிடாய் நின்னு போன பொம்பளைங்களுக்கு எலும்போட பலம் உள்ளுக்குள்ளேயே கரைஞ்சிடுமாம், வெளியில ஒண்ணும் தெரியாதாம். சிலருக்கு இருமினாகூட நசுங்கிடுமாம். கேட்கக் கேட்க எனக்கு எங்கம்மா ஞாபகம்தான். வயசுனு நாங்க சொன்னது வயசே இல்லையோ?

அப்போ மருமக திடீர்னு கேட்டா. “சார், ஒருவேளை இந்த முதுகை யாராச்சும் காலால மிதிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

டாக்டர் கையில இருந்த பேனாவைக் கீழே வெச்சுட்டார். “மிதிச்சாங்களா?”

“இல்ல சார். மிதிக்க வந்தவங்க கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.”

அவர் நாற்காலியில சாய்ஞ்சு ஒரு பெருமூச்சு விட்டார். உடைஞ்ச எலும்பு மேல ஒரு ஆளோட பாரம் இறங்கியிருந்தா, அது இன்னும் நொறுங்கிப் பின்பக்கமா தள்ளியிருக்கலாம், அங்கதான் காலுக்குப் போற நரம்பெல்லாம் இருக்கு, கால் ரெண்டும் விளங்காம போயிருந்தாலும் ஆச்சரியமில்லனு சொன்னார். அப்புறம், “அவங்களைப் பார்த்தா நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க”னார். மருமக சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. முதுகு மேல வந்து உட்கார்ந்த அந்தக் குதிகால்தான் ஞாபகம் வந்துச்சு.

உடனே எதுவும் செய்ய வேண்டாம், நிறைய பேருக்குப் பெல்ட் போட்டு, மாத்திரை சாப்பிட்டு, கவனமா இருந்தாலே எலும்பு கூடிடும்னார். அதையும் செஞ்சு பார்த்தோம். பொங்கல் வந்துச்சு, போச்சு. நான் பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, படுத்துக்கிட்டே பொங்கல் சாப்பிட்டேன். வலி ஒரு படி கூட இறங்கல. மறுபடியும் பார்த்தப்பதான் டாக்டர் அந்தச் சிகிச்சையைப் பத்திச் சொன்னார். முதுகைக் கிழிக்க மாட்டாங்களாம். ஊசி போற அளவுக்கு ரெண்டு ஓட்டை போட்டு, நசுங்கின எலும்புக்குள்ள ஒரு சின்ன பலூனை விட்டு ஊதி, எலும்பை முடிஞ்ச வரைக்கும் தூக்கி நிறுத்தி, அந்த இடத்துல எலும்புக்குனே இருக்கிற சிமெண்டை நிரப்பிடுவாங்களாம். கொஞ்ச நேரத்துல அது இறுகிடுமாம். சிமெண்ட் கசியறது, நரம்புல படறதுனு அபூர்வமா சிக்கல் வரலாம், அதையும் மறைக்காம சொன்னார்.

முதுகுல சிமெண்டா! எங்க வீட்டுக்காரர் முகம் செத்துப் போச்சு. அவர் தம்பிகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லி அழுதிருக்கார் போல. மறுநாள் காலையில நான் கண்ணைத் திறக்கும்போது ஓரகத்தி என் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தா.

கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. “எலும்பாமேக்கா”ன்னா. ஆமான்னேன். “நான் மட்டும் மிதிச்சிருந்தா...”னு ஆரம்பிச்சவ முடிக்கல. என் கையைப் பிடிச்சிக்கிட்டு ஓன்னு அழுதா. நான் சிரிக்க வைக்கணும்னு, “மிதிச்சிருந்தா உன் பேரைச் சொல்லி சக்கர நாற்காலியில உட்கார்ந்திருப்பேன்”னேன். வாயை என்னைக்குத்தான் அடக்கினேன்? அவ இன்னும் ஜாஸ்தியா அழுதா. “இதுவரைக்கும் எத்தனை பேர் முதுகுல ஏறியிருப்பேன்! அதுல எது பிடிப்பு, எது முறிவுனு எனக்கு எப்படித் தெரியும்?”னு கேட்டா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சேர்ந்து அழுதோம். அதுதான் எங்க சமாதானப் பேச்சுவார்த்தை.

ஆஸ்பத்திரிக்கு அவளே கூட வந்தா. என்னை உள்ளே தள்ளிட்டுப் போகும்போது, அருணாசலேஸ்வரர் கோயில் விபூதியை என் நெத்தியில வெச்சா.

உள்ளே என்னைக் கவுத்துப் படுக்க வெச்சாங்க. நெஞ்சுக்குக் கீழ ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழ ஒண்ணு. அன்னைக்குக் கூடத்துப் பாயில ஒரு காலுக்காகக் காத்துக்கிட்டு கிடந்த மாதிரியேதான். முழு மயக்கம் கொடுக்கல. அரைத் தூக்கம் மாதிரி ஏதோ மருந்து, முதுகுல மரத்துப் போக ஒரு ஊசி. அந்த ஊசி சுருக்குனு இருந்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் முதுகுல யாரோ சின்ன சுத்தியலால டொக்கு டொக்குனு தட்டறது கேட்டுச்சு. வலிக்கல, ஆனா தட்டறது தெரிஞ்சுது. பக்கத்துல எக்ஸ்ரே மிஷின் படம் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டாக்டர் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊசியை நகர்த்தினார்.

“பலூன் ஊதறோம்மா, அழுத்துற மாதிரி இருக்கும்”னார். அழுத்துச்சு. நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன். “இப்போ சிமெண்ட் போகுது, அசையக் கூடாது”னார்.

“சார், நல்ல கம்பெனி சிமெண்டா பார்த்துப் போடுங்க. மழைக்காலத்துல ஒழுகிடப் போகுது”ன்னேன்.

“உங்களுக்கு மயக்க மருந்து இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கணும்”னார் அவர். அங்க இருந்த நர்சுங்களெல்லாம் சிரிச்சாங்க. பயத்துலதான் பேசினேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நர்சம்மா என் கையை விடாம பிடிச்சிக்கிட்டிருந்தாங்க. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, முடிஞ்சுதுனு சொல்லிட்டாங்க. முதுகுல ரெண்டு சின்ன பிளாஸ்திரி. இதுக்கா இவ்வளவு பயந்தேன்?

வார்டுக்குக் கொண்டு வந்து, கொஞ்ச நேரம் அசையாம மல்லாந்து படுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரும் மருமகளும் மருந்து வாங்கப் போயிட்டாங்க. ஓரகத்தி மட்டும் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தா. மனசுல இருந்ததை அப்போதான் கேட்டேன்.

“ஏம்மா, அன்னைக்கு ஏன் மிதிக்காம போயிட்ட? என் முதுகைத் தொட்டதும் ஏதாச்சும் வித்தியாசமா தெரிஞ்சுதா?”

“ஒண்ணும் தெரியலக்கா. பொய் சொல்ல மாட்டேன். கோவம்தான்.”

“அவ்வளவு கோவமா என் மேல?”

அவ ஸ்டூலைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டா. அப்புறம் சொன்னா. “வரும்போது கோவத்தோடதான் வந்தேன். ஆனா உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டதும் பாதி போயிடுச்சு. நீங்க போட்டோனு வாயைத் திறந்தீங்களா, போனது அத்தனையும் திரும்ப வந்துடுச்சு. இந்தக் கோவத்தோட மிதிச்சா, நிஜமாவே பலமா மிதிச்சிடுவேனோனு எனக்கே பயம் வந்துடுச்சுக்கா. மூத்தவங்க மேல அப்படிக் கால் வைக்கலாமா? அதான் எடுத்துட்டேன்.”

இத்தனை நாளா நான் என்ன நினைச்சிக்கிட்டிருந்தேன்! வலியில கிடக்கிறவளைப் பழி வாங்கிட்டுப் போயிட்டாள்னு. என்னைப் பார்க்க வந்தவங்க எல்லார்கிட்டயும் படுத்துக்கிட்டே அவளைத் திட்டியிருக்கேன். அவ போனது எனக்கு வலிச்சிடக் கூடாதுனு. கோவத்துல இருக்கும்போதுகூட எனக்கு வலிச்சிடக் கூடாதுனு. கண்ணீர் ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. துடைக்கக் கையைத் தூக்கவும் பயம். அவதான் முந்தானையால துடைச்சு விட்டா.

சாயங்காலம் நர்ஸ் வந்து, “எழுந்திரிங்கம்மா, நடக்கலாம்”னாங்க. இவ்வளவு சீக்கிரமாவா? ரெண்டு மாசமா எழுந்திருக்கிறதுனாலே வலிதான்னு பழகின உடம்பு. ஒருக்களிச்சுத் திரும்பச் சொன்னாங்க, திரும்பினேன். காலைக் கீழே தொங்கப் போட்டு உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்தேன். இதோ வரும், இதோ வரும்னு அந்த வலிக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

வரல.

ஊசி போட்ட இடத்துல லேசா எரிச்சல், நெடுநாள் படுத்துக் கிடந்ததுல கால்ல ஒரு தளர்ச்சி, அவ்வளவுதான். அந்தச் சுரீர் வலியைக் காணோம். ஓரகத்தி தோளைப் பிடிச்சிக்கிட்டு எழுந்து நின்னேன். நிமிர்ந்து நின்னேன். “வலிக்குதாக்கா?”னு அவ கேட்கறா, நான் தலையை இல்லைனு ஆட்டறேன். அண்ணாமலையாரே, அண்ணாமலையாரேனு வாய் முணுமுணுக்குது. சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம், என் பையன் கல்யாணத்துல கூட நான் அவ்வளவு சந்தோஷப்படல. மெதுவா நடந்து வராண்டா ஜன்னல் வரைக்கும் போனோம். வெளியே மலை தெரிஞ்சுது. தலையைத் தூக்கி உச்சி வரைக்கும் பார்த்தேன். எங்கம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

அப்போதான் மருந்து வாங்கிட்டு மருமக வந்தா. நாங்க ரெண்டு பேரும் நிக்கறதைப் பார்த்து அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “அத்தை, அப்படியே நில்லுங்க”னு செல்போனைத் தூக்கினா. எனக்கு ஆஸ்பத்திரி பச்சை கவுன், தலை பரட்டை, நெத்தியில திட்டுத் திட்டா விபூதி. ஓரகத்தி போட்டோவுக்கு இடம் விட்டு நகரப் பார்த்தா. நான் அவ கையை விடல. “எங்கடி போற? நில்லு, நீ இல்லாம எடுக்க விட மாட்டேன்”ன்னேன். இத்தனை நாள் இல்லாத ‘டி’ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. அவளும் சிரிச்சுட்டா.

இப்போ மறுபடியும் மிஷின்ல உட்கார்ந்துட்டேன். முன்ன மாதிரி நாள் பூரா குனியறதில்ல, நடு நடுவுல எழுந்து நடக்கறேன். எலும்புக்கு மாத்திரை, மருந்து எல்லாம் டாக்டர் சொன்ன மாதிரி விடாம எடுத்துக்கறேன். ஒரு எலும்பு நசுங்கினா அடுத்ததும் நசுங்கலாம்னு அவர் மிரட்டி வெச்சிருக்கார். பஸ்ல கடைசி சீட்டு காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே வரேன். ஓரகத்தி யாரையும் மிதிக்கறதே இல்ல. பிடிப்புனு யார் வந்து நின்னாலும், “எக்ஸ்ரே எடுத்தீங்களா?”தான் முதல் கேள்வி. கழுத்துச் சுளுக்குனு வந்த என் வீட்டுக்காரரையே எக்ஸ்ரே எடுக்க அனுப்பிட்டா, பார்த்துக்கோங்க. போன பௌர்ணமிக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து மெதுவா, உட்கார்ந்து உட்கார்ந்து, மலையைச் சுத்தி வந்துட்டோம்.

அந்தச் செல்போன் படத்தையும் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்துலயே கூடத்துல மாட்டியிருக்கேன். பட்டுப்புடவையும் நகையுமா நாங்க நிக்கற போட்டோவுக்குப் பக்கத்துல போய் இந்தக் கோலத்தையா மாட்டுவாங்கனு வர்றவங்கல்லாம் கேட்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? கோவத்துல ஒரு காலை எடுத்துக்கிட்டுப் போனவளும், அதனால இன்னைக்கு ரெண்டு காலோட நிக்கறவளும் ஒண்ணா நிக்கற குடும்பப் போட்டோ அது ஒண்ணுதான்.